துடக்குக் கழுவின துண்டுகள்

"மச்சாள், கால்மாட்டுக் கல்லு அசையுது."

"கல்லு அசையேல்லை. நீர்தான் அசையிறீர். பேசாமல் படும்."

"முதுகு விண்விண்ணெண்டு நோகுது."

"நோகட்டும். முதுகு நொந்து ஒருத்தரும் செத்ததில்லை."

சொன்ன கையோடு பாலேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாவுக் கதை இந்த அறைக்குள் வரக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். குனிந்து கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தாள். இரண்டு கால்களுக்கும் அடியில் அடுக்கியிருந்த சீமெந்துக் கற்கள் வைத்தபடியே இருந்தன. அவற்றின்மேல், தலை தாழ்ந்து கால் உயர்ந்து, சரித்துப் பிடித்த சுளகில் அரிசி கிடக்கிறமாதிரி உதயகலா கிடந்தாள்.

ஏழாலையில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவிலே இருந்தது அந்த வீடு. பாலேஸ்வரியின் தம்பி சிவகரன் வெங்காயம் வைக்கிறவன். அவனுடைய பெண்சாதி உதயகலாவுக்கு இதற்கு முன்னம் தங்கினதெல்லாம் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று நழுவிப் போய்விட்டன. இந்த முறை டொக்டர் கருப்பையின் வாயிலே தையல் போட்டுவிட்டார். சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டுகிறமாதிரி என்று படம் கீறிக் காட்டி, எட்டாம் மாதம் தாண்டுமட்டும் படுக்கை, குனியக்கூடாது, குந்தக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். உதயகலாவின் வயதும் நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது. இனியொன்று தங்கும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பாலேஸ்வரிக்குப் பேசி வந்த கலியாணங்கள் இடம்பெயர்வுகளோடு தாங்களும் இடம்பெயர்ந்து போயின. ஐம்பது கடந்தபிறகு அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை. தம்பி வீடுதான் அவளுக்கும் வீடு. இந்தப் பிள்ளை தங்கினால் அவள் ஒரு பிள்ளைக்கு மாமி. தங்காவிட்டால்? அதை அவள் யோசிப்பதில்லை. யோசனை வருகிறபோது எழும்பிப் போய்ப் பிட்டுக்கு மா குழைப்பாள்.

"எனக்கு ஏதாவது வேலை தாங்கோ மச்சாள். வெங்காயமெண்டாலும் உரிச்சுத் தாறன்."

"நேற்று உரிச்சது காணும். இந்த வீட்டிலை இனி ஒரு கிழமைக்கு வெங்காயக் குழம்புதான்."

"சும்மா கிடந்தால் அதையே பாத்துக்கொண்டு கிடக்கிறன். துடிக்குதோ, துடிக்கேல்லையோ எண்டு. துடிச்சால் ஏன் இவ்வளவு துடிக்குதெண்டு பயம். துடிக்காட்டில் அதைவிடப் பயம். விசர் பிடிக்கப் போகுது."

பாலேஸ்வரி சீப்பை எடுத்து, கிடந்தபடியே அவளுக்குத் தலை இழுத்துவிட்டாள்.

அந்தக் கிழமைதான் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த கனகலிங்கம் படலையடியில் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். பாலேஸ்வரியின் தங்கச்சி சிவகௌரி அனுப்பிய பை. சொக்கிளேற், நோவெண்ணெய், சிவகரனுக்கு ஒரு மழைச்சட்டை, அடியிலே பொலித்தீன் சுற்றிய ஒரு துணிக்கட்டு. உள்ளங்கையை விரித்து வைத்தால் விரல் நுனி வெளியே தெரிகிற அளவில், ஒரே அளவான சதுரத் துண்டுகள். பூப்போட்டது, புள்ளி போட்டது, கோடு போட்டது, நல்ல சிவப்பு, மஞ்சள், வெள்ளை. ஓரமெல்லாம் வாள் பல்லுப்போல நெளிய வெட்டியிருந்தது.

கைபேசியில் சிவகௌரியின் முகம் வந்தது.

"இது என்னடி, கடையிலை சாம்பிள் காட்டுற துணியோ?"

"இல்லையக்கா, க்வில்ற் தைக்கிற துணி. இஞ்சை வெட்டியே விக்கிறாங்கள். புதுசாப் பழகிற ஆக்களுக்கெண்டு. கத்திரிக்கோல் தொடத் தேவையில்லை, அளவு பாக்கத் தேவையில்லை. ரண்டு துண்டை முகத்துக்கு முகம் வைச்சு, ஒரு பக்கத்து ஓரத்தாலை நூலோடினால் சரி. பேந்து விரிச்சு, அடுத்த துண்டு. இப்பிடி ஒரு வரிசை. வரிசையும் வரிசையும் பொருத்தினால் போர்வை. உதயா மச்சாள் படுத்துக்கொண்டே தைக்கலாம். பிள்ளை பிறக்கேக்கை போர்வையும் இருக்கும்."

"என்ன கதை கதைக்கிறாய்? பிறக்காத பிள்ளைக்கு ஆரும் தைப்பினமோ? அங்கத்தைக் குளிருக்கு உன்ரை மூளையும் உறைஞ்சு போச்சோ?"

"இஞ்சை எல்லாரும் முன்னமே அறை சோடிச்சு, தொட்டில் வாங்கி..."

"அங்கை எல்லாரும் கனக்கச் செய்வினம். இஞ்சை வயித்துப்பிள்ளைக்கு ஊசியிலை நூல்கூடக் கோக்கிறேல்லை. பிறந்து, பழஞ்சீலையிலை சுத்தி எடுத்து, முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்சுத்தான் புதுத்துணி. மறந்து போனியோ?"

கட்டிலிலிருந்து கை நீண்டது. உதயகலா ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பிள்ளைக்கில்லை மச்சாள். எனக்குத் தைக்கிறன். எனக்குத்தான் குளிருது."

பாலேஸ்வரி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். கன நாளைக்குப் பிறகு அந்தக் கண்கள் வயிற்றைவிட்டு வேறொன்றைப் பார்த்தன. இதற்குமேல் மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வேறொரு கதை ஞாபகம் வந்தது.

"கௌரி, உன்ரை மாமனாரின்ரை அந்தியேட்டி முடிஞ்சுதோ?"

"வாற கிழமை அக்கா."

"அப்ப நீ செத்தவீட்டுத் துடக்கோடை கட்டின பொதியெல்லே இது."

"கடையிலை வாங்கினது. பொலித்தீன்கூட உடைக்கேல்லை."

"உன்ரை கையாலைதானே எடுத்து வைச்சாய்? பேந்தென்ன? நான் மஞ்சள்தண்ணியிலை அலசிப்போட்டுத்தான் குடுப்பன்."

"ஐயோ அக்கா, தைக்க முன்னம் அதைக் கழுவக்கூடாதாம். எங்களோடை வேலை செய்யிற வெள்ளைக்காரி சொன்னவள்."

"கழுவக்கூடாத துணியும் உலகத்திலை இருக்கோ? செத்தவீட்டுத் துடக்கை வெள்ளைக்காரிக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? வை போனை."

மறுநாள் வெயில் எறித்தது. பாலேஸ்வரி கிணற்றடிக்குப் போய், வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துத் துண்டுகளைத் தோய விட்டாள். பிறகு சவர்க்காரம் போட்டு, தம்பியின் சாரம் தோய்க்கிறமாதிரியே கல்லில் நாலு அடி அடித்து, ஒன்றாய்ச் சேர்த்து முறுக்கிப் பிழிந்தாள். பிழிந்ததை உதறியபோது கைக்குள் வந்தது ஒரு நூற்பந்து. ஓரத்து நூலெல்லாம் கழன்று, ஒரு துண்டின் நூல் மற்றத் துண்டைச் சுற்றி, இடியப்பச் சிக்கலாய்க் கிடந்தது. சிவப்பு இளகி வெள்ளையில் ஊறியிருந்தது. சிக்கெடுக்கச் சிக்கெடுக்க ஓரம் இன்னும் பிரிந்தது. சதுரமாய் வந்ததெல்லாம் ஒன்று கோணி, ஒன்று சுருங்கி நின்றன. காய்ந்தால் சரிவரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒவ்வொன்றாய் இழுத்துக் கொடியிலும் கிளுவை வேலியிலும் விரித்தாள்.

பின்னேரம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. காங்கேசன்துறைப் பக்கம் மழை விழுந்துவிட்டதென்று றோட்டால் போனவர்கள் சொன்னார்கள்.

"அக்கா, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வா," என்று சிவகரன் தோட்டத்திலிருந்து கூப்பிட்டான். "வாய்க்காலை வெட்டிவிடாட்டில் வெங்காயம் முழுக்க நிண்டு அழுகப்போகுது."

அவள் அறையை எட்டிப் பார்த்து, "நான் இந்தா வந்திடுவன், எழும்பிக் கிழும்பிப் போடாதையும்," என்றுவிட்டுப் போனாள். அக்காவும் தம்பியும் முழங்கால் சேற்றில் நின்று வரம்பை வெட்டினார்கள். காற்று முதலில் வந்தது, மழை பின்னால் வந்தது. செம்மண் தண்ணீர் கால் நடுவால் ஓடத் தொடங்கின பிறகுதான் அவளுக்குக் கொடி ஞாபகம் வந்தது.

முற்றத்துக்கு ஓடி வந்தபோது உதயகலா மழைக்குள் குந்தியிருந்தாள். மடி நிறையச் சேற்றுத் துணி. வேலியடியில் ஒரு சிவப்புத் துண்டு தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. அதை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறீர்? என்ன வேலை பாக்கிறீர்?"

"எல்லாம் பறக்குது மச்சாள். ஒண்டொண்டாப் போகுது. பாத்துக்கொண்டு கிடக்கச் சொல்லுறியளோ?"

தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்து, தலை துவட்டி, சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் உதயகலா பாலேஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்துச் சீலையைக் காட்டினாள். இரத்தக் கறை பெரிதாக இல்லை, ஒரு பாக்களவுதான்.

ஓட்டோ வருமட்டும் சிவகரன் முற்றத்தில் மேலும் கீழும் நடந்தான்.

"மழை வருமெண்டு தெரிஞ்சும் உந்தத் துணியை ஏன் கழுவினனி?"

"காலமை வெயில் தம்பி."

"கௌரி கழுவ வேண்டாமெண்டு சொன்னவளோ இல்லையோ?"

"சொன்னவள்."

"உனக்குத் துடக்குத்தான் பெரிசு. இப்பப் பார், எல்லாம் துப்புரவாய்ப் போகப்போகுது."

பாலேஸ்வரி உதயகலாவின் சீலையொன்றை மடித்துப் பைக்குள் வைத்தாள். முதற்பிள்ளை நழுவினபோது அயலுக்குள் ஒருத்தி, பெறாதவளின் கையால் சோறு போட்டால் எப்படித் தங்கும் என்று கேட்டது அவளுடைய காதுக்கு வந்திருந்தது. அப்போது அடுப்படியில் நின்று சிரித்தாள். இன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. ஓட்டோவில் யாழ்ப்பாணம் போகுமட்டும் உதயகலாவின் காலைத் தன்னுடைய மடியில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளம் வந்த இடமெல்லாம் மூச்சைப் பிடித்தாள்.

பெரியாஸ்பத்திரி வாட்டில் இளவயது டொக்டர் பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"தையல் இன்னும் நிக்குது. ஆனா இழுபடுது. பிள்ளையின்ரை சுவாசப்பை பலப்பட ஊசி போட்டிருக்கிறம். இனி ஒவ்வொரு நாளும் உள்ளுக்கு இருக்கிறது பிள்ளைக்கு லாபம். ஆள் அசையக்கூடாது. மனதும் அமைதியா இருக்கவேணும்."

"மனதுக்கு என்ன குடுக்கிறது டொக்டர்?"

"அது எங்களிட்டை இல்லை அம்மா," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

உதயகலா யாரோடும் கதைக்கவில்லை. பிட்டைத் தீத்தினால் வாயைத் திறந்தாள், மூடினாள். கண் முகட்டிலே நின்றது. பக்கத்துக் கட்டிலில் குருநகர்க் கடற்தொழிலாளி எமில்ராஜின் மனுசி றீற்றா, நாலாவது பிள்ளைக்கு இரத்தப் பிறசர் ஏறி வந்து கிடந்தவள், ஓயாத வாய்க்காரி. அவளே சொல்லிப் பார்த்துக் களைத்துவிட்டாள்.

"அக்கா, உங்கடை மச்சாளிட்டை நான் என்ரை மூண்டு பேறுக் கதையும் சொல்லிப்போட்டன். ஒரு 'உம்' இல்லை. வாய் திறவாத என்ரை மனுசனைக் கட்டியிருந்தால் நல்ல சோடி."

பாலேஸ்வரி பகலெல்லாம் கட்டிலடியில் இருந்து, ஆட்களை வெளியே அனுப்புகிற நேரம் வீட்டுக்குப் போனபோது, அறை மூலையில் சேறு காய்ந்து விறைத்த துணிக்குவியல் கிடந்தது. அதைக் கண்டதும் அள்ளி அடுப்புக்குள் போடத்தான் பாலேஸ்வரிக்குக் கை போனது. அள்ளினாள். பிறகு கைபேசியை எடுத்தாள்.

"கௌரி, நீ சொன்னதைக் கேக்காமல் கழுவிப்போட்டன். எல்லாம் நூலாய்ப் போச்சு. இதை ஏதாவது செய்யலாமோ?"

கைபேசிக்குள் சிவகௌரி நெற்றியில் கையை வைத்தாள்.

"என்னை ஏசிப் பேசுறதெண்டால் பேந்து பேசு. இப்ப வழியைச் சொல்லு."

"நான் பேசேல்லை அக்கா. சேறு போக மெல்ல அலசி, நிழலிலை விரிச்சு, ஸ்திரிக்கைப் பெட்டியாலை மினுக்குங்கோ. எல்லாத்திலும் சின்னன் எதுவெண்டு பாத்து, அந்த அளவுக்கு மட்டையிலை ஒரு சதுரம் வெட்டி, மிச்சம் எல்லாத்தையும் அதாலை வெட்டிக் குறையுங்கோ. போர்வை சின்னனா வரும். வேறை ஒண்டுமில்லை."

"சின்னனா வந்தால் ஆருக்குக் காணும்?"

கேட்ட கையோடு பாலேஸ்வரிக்கே அது விளங்கிவிட்டது. பெரியவளைப் போர்த்தக் காணாத போர்வை ஒரு சின்ன உடம்புக்குத்தான் காணும். வயிற்றுப் பிள்ளைக்குத் தைக்கக்கூடாது என்ற தன்னுடைய வாயை நினைத்துக்கொண்டு, பால்மாப் பெட்டி மட்டையைக் கிழித்தாள்.

அடுத்த நாள் பையைக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தாள். "இந்தாரும். தையும்."

உதயகலா பையைப் பார்த்தாள். "நீங்கள் வேண்டாமெண்டெல்லோ சொன்னனியள்."

"சொன்னனான். இப்ப தையெண்டு சொல்லுறன்."

உதயகலா துண்டுகளை வயிற்றின்மேல் அடுக்கிப் பார்த்தாள். அடியில் இருந்ததும் மேலே இருந்ததும் ஒரு பெருவிரல் வித்தியாசம்.

"மச்சாள், இது போகப் போகச் சின்னனாகுதே?"

"ஏன்? மட்டையை வைச்சுத்தானே வெட்டினனான்."

"கத்திரிக்கோலை மட்டையோடை உரசிக்கொண்டு வெட்டியிருக்கிறியள். மட்டையும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கு."

பாலேஸ்வரி பைக்குள் கிடந்த மட்டையை எடுத்துப் பார்த்தாள். நாலு மூலையும் தேய்ந்து, எலி அரித்த பிஸ்கற் மாதிரி இருந்தது. றீற்றா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, வலையிலை பட்ட மீனோ? மேலை பெரிய பாரை, கீழை சின்னச் சூடை. எங்கடை மனுசன் வெறியிலை கிழிஞ்ச வலையைப் பொத்தினாலும் இதைவிட ஒழுங்காக் கிடக்கும்."

உதயகலாவின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று விளங்க எல்லோருக்கும் ஒரு கணம் பிடித்தது. பாலேஸ்வரி பதறி அவளுடைய வயிற்றில் கையை வைத்தாள்.

"மெல்லச் சிரியும். தையல் கிடக்கு."

அன்று தொடங்கித் தைத்தாள். தலை தாழ்ந்து கிடந்தபடி, இரண்டு கையையும் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, நூல் ஓடினாள். பெரியதோடு பெரியதும் சின்னதோடு சின்னதுமாய்ச் சோடி பார்த்துக் கொடுப்பது பாலேஸ்வரியின் வேலை. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது றீற்றா. முதல் வரிசை பாம்பு போனமாதிரி வளைந்து வந்தது. மூலைகள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. ஓரத்துக்கு மிகக் கிட்ட ஓடின இடங்களில் துணி பிரிந்து வந்தது. பிரித்து, கொஞ்சம் உள்ளே தள்ளித் திரும்பவும் ஓடினாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திப் பொள்ளல்.

"கொஞ்சம் வையும் பிள்ளை. கை விறைச்சுப் போகும்."

"வைக்கமாட்டன்."

"நேர்ஸ் மிஸ்ஸி பேசப்போறா."

"பேசட்டும். மச்சாள், நான் தைக்கிறமட்டும் உள்ளுக்கை இருக்கிற தையலும் நிக்கும். எனக்குத் தெரியுது. ஊசியை வைச்சால் அடிவயிறு இழுக்குது. எடுத்தால் நிக்குது."

"விசர்க்கதை."

"நீங்கள் துடக்குக் கழுவினதும் விசர்தான். நான் ஏதும் கேட்டனானோ?"

பாலேஸ்வரி அடுத்த துண்டை எடுத்து நீட்டினாள். அதன் பிறகு அவளும் அப்படியே நம்பத் தொடங்கிவிட்டாள். தான் கழிப்பறைக்குப் போகிறதென்றாலும், "நான் வருமட்டும் நிப்பாட்டாதையும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். உதயகலா கண் அயர்ந்தால், அவளுடைய கையிலிருந்து ஊசியை வாங்கி நாலு ஓட்டம் தானே ஓடினாள். வரிசையோடு வரிசை பொருத்தியபோது றீற்றாவின் கட்டிலில் பிள்ளை அழுதது. அவள் வீட்டுக்குப் போகும் நாளில் வந்து, தைத்ததைத் தடவிப் பார்த்தாள்.

"வடிவா வருது உதயா. நான் மாதாவிட்டைச் சொல்லிவைக்கிறன். உங்கடை முருகனோடை அவ கதைப்பா," என்றாள். அவளுடைய பிள்ளையைப் பார்க்கிறதில்லை என்று உதயகலா கண்ணைத் தைப்பிலேயே வைத்திருந்தாள். றீற்றாவும் கோபிக்கவில்லை.

எட்டாம் மாதம் பிறக்க முன்னம் ஒரு விடியற்பொழுதில் நோ தொடங்கியது. பாலேஸ்வரி வந்து சேர்ந்தபோது டொக்டர் பெண் கட்டிலடியில் நின்றாள்.

"தையலை வெட்டப்போறம் அம்மா."

உதயகலா தலையை ஆட்டினாள். "வேண்டாம். நான் இன்னும் தைச்சு முடிக்கேல்லை. நான் தைக்கிறன் டொக்டர். நிக்கும், பாருங்கோ."

"நோ வந்திட்டுது. இனி வெட்டாமல் விட்டால் கிழிஞ்சு போகும். உங்களுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. விளங்குதோ?"

"விளங்கேல்லை."

"உதயா," என்றாள் பாலேஸ்வரி. "விடும்."

தள்ளுவண்டியில் ஏற்றினபோதும் அவள் துணியைப் பிடித்த கையை விடவில்லை. கடைசியில், விரலை ஒவ்வொன்றாய்த் தானே விரித்து, பாலேஸ்வரியிடம் கொடுத்தாள்.

"நீங்கள் தையுங்கோ மச்சாள். நிப்பாட்டிப் போடாதேங்கோ."

கதவு மூடியது. பாலேஸ்வரி வெளியே மர வாங்கில் இருந்து தைத்தாள். கண் தெரியவில்லை, ஓட்டம் பல்லும் பல்லுமாய் விழுந்தது. மற்றத் தாய்மாரின் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒருத்தி, "என்ன அம்மா, பிள்ளைக்கோ?" என்று கேட்டாள். அவள் நிமிரவில்லை. மஞ்சள்தண்ணி மணம் இன்னும் துணியில் நின்றது. அதை மூக்கில் பிடித்துக்கொண்டே ஊசியை இழுத்தாள்.

சிவகரன் தோட்டத்தால் நேரே வந்தான். சாரத்தில் செம்மண். வெங்காயம் பாதிக்குமேல் அழுகிவிட்டது. அதைச் சொல்ல அவனுக்கு நினைவும் இருக்கவில்லை. அக்காவின் மடியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னும் உதை நீ விடேல்லையே?"

"விடமாட்டன்."

"உதாலைதானே இவ்வளவும் வந்தது. தா இஞ்சை."

அவன் துணியைப் பிடித்து இழுத்தான். புதிதாய்ப் பொருத்தின வரிசை ஒன்று 'சரக்' என்று பிரிந்தது. பாலேஸ்வரி அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். சின்ன வயதில் அவனைக் கிணற்றுக் கட்டிலிருந்து இழுத்துப் பிடித்த பிடி.

"தம்பி, கழுவினது நான். அவளை மழைக்குள்ளை எழும்ப வைச்சது நான். நீ என்னை எவ்வளவும் பேசு, அடி, வீட்டை விட்டு அனுப்பு. ஆனா இதை இப்ப நிப்பாட்டச் சொல்லாதை. அவள் உள்ளுக்கை கிடந்து கேப்பாள். தைக்கிறன் எண்டு நான் சொல்லவேணும்."

சிவகரன் கையை விட்டான். பிரிந்த வரிசையைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்து, அவள் ஓடுவதற்கு வசதியாய்ச் சேற்று விரல்களால் பிடித்துக் கொடுத்தான். துணியில் செம்மண் பட்டது.

வெயில் ஏறினபோது கதவு திறந்தது. "பொம்பிளைப் பிள்ளை," என்றாள் மிஸ்ஸி. "இருக்கிறா. ஆனா மிச்சம் சின்னன். பெட்டிக்கை வைச்சிருக்கிறம். இப்ப ஒண்டும் சொல்லேலாது."

"அழுதவவோ?" என்று சிவகரன் கேட்டான்.

"பூனைக்குட்டிமாதிரி."

குறைமாதப் பிள்ளைகளின் பகுதிக்குள் வெளித்துணி கொண்டுபோகக்கூடாது. பழஞ்சீலையும் இல்லை, புதுத்துணியும் இல்லை. பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் வயர்களோடு கிடந்தது. தாய் மட்டும் கை கழுவிப் போய்ப் பார்க்கலாம். உதயகலா ஒருதரம் போய்விட்டு வந்து, "என்ரை உள்ளங்கை அளவுதான் நெஞ்சு, மச்சாள்," என்றாள். தையலை வெட்டினபிறகு அவள் ஊசியைத் தொடவேயில்லை. பாலேஸ்வரிதான் கட்டிலடியில் இருந்து, மிச்ச வரிசைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். யாருக்கென்று கேட்டால் அவளுக்கே மறுமொழி தெரியாது.

அந்தப் பகுதியிலிருந்து ஓர் உதவிப்பெண் வந்து, தாய்மாரின் பெயரைச் சொல்லிப் பாலுக்குக் கூப்பிடுவாள். "உதயகலா, பால்." அதுதான் பிள்ளை இருக்கிறது என்பதற்குச் செய்தி. உதயகலா ஒரு சின்னக் கிண்ணத்தில் அடியை நனைக்கிறமாதிரி வருகிற கொஞ்சப் பாலைப் பீய்ச்சி, அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். குழாயால் ஒவ்வொரு சொட்டாய் விடுவார்கள். அடுத்தமுறை கூப்பிடுமட்டும் அவளுக்கு நெஞ்சு கதவடியில்தான் இருக்கும்.

ஒருநாள் காலமை கூப்பிடவில்லை.

மற்றத் தாய்மாரைக் கூப்பிட்டார்கள். ஒருத்தி போனாள், வந்தாள். இன்னொருத்தி போனாள், வந்தாள். முன்தினம் பின்னேரம், எதிர்க்கட்டில் பெண்ணைக் கூப்பிட்டபோது பால் என்று சொல்லாமல் வெறும் பெயரைத்தான் சொன்னார்கள். அவள் அழுதுகொண்டு திரும்பி வந்ததை வாட் முழுக்கப் பார்த்திருந்தது.

"முருங்கையிலைச் சொதி கொண்டுவந்தனான். ஒருவாய் சாப்பிடும்."

"பால் கட்டி நோகுது மச்சாள்."

"பீய்ச்சி வைப்பமோ?"

"ஆருக்கு?"

பாலேஸ்வரி ஊசியைக் குத்தினாள். இழுத்தாள். குத்தினாள். வெளியே மழை விட்டு, கூரைத் தண்ணீர் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. சிவகரன் கேற்றடியில் நின்றான். ஆண்களை உள்ளே விடுகிற நேரம் இன்னும் வரவில்லை.

கதவடியில் அந்த உதவிப்பெண் வந்து நின்றாள்.

"உதயகலா."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிட்டாள்.

உதயகலா எழும்பவில்லை. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வெறும் பேர்தான் மச்சாள். பால் எண்டு சொல்லேல்லை."

"மறந்திருப்பாள்."

"ஒருநாளும் மறக்கமாட்டா. நான் போகமாட்டன். நான் போகாட்டில் ஒருத்தரும் எனக்கு ஒண்டும் சொல்லேலாது."

பாலேஸ்வரி எழும்பினாள். மடியிலிருந்த துணி நழுவித் தோளில் சிக்கிக்கொண்டது. ஊசி நூலில் தொங்கிக்கொண்டே வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நடந்தாள். வாட் நடுவால் போகும்போது கட்டில்களில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாய்க் கதையை நிறுத்தினார்கள். தன்னுடைய செருப்புச் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது. கதவடியில் நின்று, உள்ளே போக விடாத கோட்டிலே, கண்ணாடிக்குள் குனிந்திருந்த மிஸ்ஸியைக் கூப்பிட்டாள்.

"மிஸ்ஸி. உதயகலாவின்ரை ஆள். ஏன் கூப்பிட்டனியள்?"

மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள். தோளிலே ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சின்னதுமாய்க் கோணல் துணி, தொங்குகிற ஊசி, வாய் திறந்தபடி ஒரு பெண்.

"தாயை வரச் சொல்லுங்கோ. ராத்திரி பிள்ளைக்குக் கொஞ்சம் கரைச்சல், அதாலை காலமைப் பாலை நிப்பாட்டி வைச்சனாங்கள். இப்ப பறவாயில்லை. குழாயைக் கழட்டிப்போட்டம். கரண்டியாலை தீத்திப் பாப்பம்."

"பாலோ?"

"ஓம், பால்தான்."

பாலேஸ்வரி தொங்கின ஊசியைத் தோளிலிருந்த துணியில் குத்திவைத்தாள். திரும்பி நடந்தபோது உதயகலா கண்ணை மூடியிருந்தாள். பாலேஸ்வரி கட்டிலடி அலுமாரியைத் திறந்து, பாற்கிண்ணத்தை எடுத்துச் சீலைத்தலைப்பால் துடைத்து, உதயகலாவின் கைக்குள் வைத்து, விரல்களை அதைச் சுற்றி மூடினாள்.